இடது பக்கம்

வாடகைக்குப் பறக்கும் விமானம் ஒன்று, தன்னைப் பின்னால் தள்ளிவிட வந்த டிராக்டரிடம் புலம்பியது. "வருஷத்துக்கு ஒரு கம்பெனி, வருஷத்துக்கு ஒரு பெயின்ட். என்னை யாருண்ணே ஞாபகம் வச்சிருப்பாங்க?"

"வேலிக்கு வெளியே பாரு. காலையிலேருந்து ஒருத்தர் வெயில்ல கேமராவோட நிக்கிறாரே, உனக்காகத்தான்."

விமானம் பதறியது. "ஐயோ, இடது பக்கம் பெயின்டுக்கு அடியில பழைய கம்பெனி பேரு தெரியுதே! வலது பக்கம் அவருக்குத் தெரியுற மாதிரி திருப்புங்கண்ணே."

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பேரோட நீ வந்தப்பவும் இவர்தான் படம் எடுத்தார். இப்போ அதைத் தேடித்தான் வந்திருக்கார்."



"அப்போ இடது பக்கமே இருக்கட்டும். மெதுவாத் தள்ளுங்கண்ணே, படம் ஆடிடப் போகுது."