சமையல் போட்டி மட்டும் வேண்டாம்

"செஸ்ல மாநில அளவுல ரெண்டாவது இடம். அதைப் போடு," என்றார் அப்பா.

கல்லூரி விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் நிரப்பிக்கொண்டிருந்த மகள், கீபோர்டை ஓங்கித் தட்டினாள்.

"நீச்சல் கோப்பையும் போடு. சமையல் போட்டி மட்டும் வேண்டாம்."

"ஏன்ப்பா? அதுவும் நான் ஜெயிச்சதுதானே?"

"எதிர்த்துப் பேசாதே! வேண்டாம்னா வேண்டாம்!"

"காரணத்தைச் சொல்லுங்க."

"ஆம்பளப் பையன் ஃபார்ம்ல சமையலா? உன் தம்பி மானம் கப்பலேறிடும்!"

போன வருடம் இதே மேசையில், "பொண்ணு படிச்சது போதும்" என்று அவளுடைய விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டவர் அவர்.

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டி முடித்தாள்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்ப்பா. என் சர்டிஃபிகேட்ல இருந்ததை ஒரு எழுத்து விடாம அடிச்சிருக்கேன். நீச்சல், பெண்கள் பிரிவு, முதலிடம்."