ரெண்டு பொட்டணம்

"டாக்டரு சொன்னது பத்தாதுங்களா மாமா? அம்மங்கிட்டப் பூ வேற கேக்கோணுமா?"

தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டேதான் கேட்டேன். அவ்வளவு எரிச்சல்.

"கேட்டுப்போட்டு முடிவு பண்ணலாம் அம்மணி" என்றார் மாமனார் மயில்சாமி, பேப்பரிலிருந்து தலை தூக்காமலே.

அவருக்கு மூத்திரப்பையில் புற்றுநோய். சதை வரைக்கும் இறங்கிவிட்டது. ஆபரேசன் செய்து பையையே எடுத்துவிட்டு, வயிற்றுக்கு வெளியே ஒரு பை ஒட்டிக்கொள்வது ஒரு வழி. எடுக்காமலே கீமோ கொடுத்து, கரண்டு வைப்பது, அதாவது கதிர்வீச்சு கொடுப்பது, இன்னொரு வழி.

"எதுன்னாலும் ஒரு வாரத்துல சொல்லிப்போடுங்க" என்று டாக்டர் சொல்லி இன்றோடு பத்து நாள். ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தடவை போன். "நாளைக்குச் சொல்றமுங்க" என்று நான்தான் சமாளிக்கிறேன்.

இங்கே அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை ஓய்ந்தால்தானே?

"எடுத்துப்போடறதுதான் நல்லது" என்பார் என் வீட்டுக்காரர் தீபக்.

"வயித்துல பையத் தொங்கப்போட்டுட்டு, ஒரு விசேஷத்துல அப்பா எப்படி நிப்பாரு?" என்று தாராபுரத்திலிருந்து போனில் கத்துவாள் நாத்தனார் நந்திதா. "ஆபரேசன்ல அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீதாண்ணா பொறுப்பு!"

"கரண்டு வெச்சுக் கேக்காமப் போனா நீ பொறுப்பா?"

தினமும் இதே பாட்டு. இதில் இவர் பூக் கேட்கிறாராம்!

வெள்ளிக்கிழமை நந்திதாவும் வந்து சேர, எல்லோரும் அம்மன் கோயிலுக்குப் போனோம். ஒரு பொட்டணத்தில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி. மாமாவே மடித்துக் கொண்டுவந்திருந்தார். வெள்ளை வந்தால் ஆபரேசன், சிவப்பு வந்தால் கரண்டு.

பூசாரி ரெண்டையும் அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

"ஆத்தாளே சொல்லிப்போட்டா. இனி நாம பேச என்ன இருக்குது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் நந்திதா. "வாண்ணா, போயிச் சாப்பிடலாம்."

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. டாக்டர் படித்துச் சொன்னதற்கு மரியாதை இல்லை, அரளிப்பூவுக்கு இருக்கிறதே!

மறுநாள் மாமாவின் சட்டையை வாஷிங் மெசினில் போடுமுன் பையில் கையை விட்டுப் பார்த்தேன். பிரிக்காத அந்த இன்னொரு பொட்டணம். பிரித்துப் பார்த்தேன்.

அதுவும் வெள்ளை.

நேரே அவரிடம் போனேன். "ஏனுங் மாமா, ஆபரேசன்தான்னு மொதல்லயே முடிவு பண்ணிப்போட்டு, எதுக்குங்க இந்த நாடகம்? வாயத் தொறந்து சொல்றதுக்கென்னங்க?"

மாமா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னா, அண்ணன் பேச்சத்தான் கேட்டேன்னு நந்திதா நெனப்பா. நாளைக்கு ஆபரேசன்ல எனக்கு ஒண்ணுன்னா, சாகற வரைக்கும் அவ அண்ணனூட்டு வாசப்படி மிதிக்க மாட்டா. பழி அம்மன் மேலயே கெடக்கட்டும் கண்ணு. ஆத்தா தாங்குவா. எம்பையன் தாங்க மாட்டான்."