பத்துப் பேருக்குத் திறக்கும் கதவு

குளிர்காற்று வீணாகாமல் இருக்க, அந்த அலுவலகக் கட்டடத்தின் வாசல் பத்துப் பேர் சேர்ந்தால்தான் திறக்கும். அருள்விழியோடு சேர்த்து அங்கே ஏழு பேர் நின்றிருந்தார்கள். மகனுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போவதாகப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்து நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. மாடியில் இருந்த தோழிகளிடம் போனில் கெஞ்சிப் பார்த்தாள். வேலை நேரத்தில் இறங்கிவர யாருக்கும் துணிவில்லை.

"நீங்களாவது திறந்துவிடுங்கண்ணே."

"எங்கிட்ட சாவியே இல்லம்மா," என்றார் காவலாளி மரியதாஸ். "கரண்டு மிச்சம் பண்ற போட்டியில ஏதோ காலேஜ் பிள்ளைங்க சொன்ன யோசனையாம். முதல் பரிசு வேற. அதுங்களுக்கு வீட்டுல காத்துக்கிட்டிருக்க ஆளே இல்ல போல."

அருள்விழி தலைகுனிந்தாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தப் போட்டி நடந்த பல்கலைக்கழக மேடையில் நடுவர் அவளிடம் கேட்டிருந்தார்: "அவசரமாப் போறவங்க என்னம்மா செய்வாங்க?"

"சராசரியா நாலு நிமிஷம்தான் சார் காத்திருக்கணும்," என்று அவள் சொன்னதும் அரங்கம் கைதட்டியது.

எட்டாவதாக ஒரு பெரியவர் வந்து நின்றார். அலுத்துப்போன இருவர் மாடிக்கே திரும்பினார்கள்.

"ரொம்ப நேரம் ஆகுமாம்மா?" என்று கேட்டார் பெரியவர்.

அவரும் போய்விடுவாரோ என்ற பயத்தில் அருள்விழி சொன்னாள்: "நாலு நிமிஷம்தான் சார்."