ஊசி போட்ட கம்பளி

பாய் நிறைய ரோமச் சுருள்கள். ஒவ்வோர் ஆடும் கழற்றிப் போட்ட சட்டைபோல் ஒவ்வொரு சுருள். எல்லாம் ஒரே வெள்ளை.

"சுழிச்சியோடது எதுங்க?" என்று புருஷனிடம் கேட்டாள் அவள்.

வேலப்பன் கத்தரியைக் கீழே வைத்தான். பாயைப் பார்த்தான். தொழுவத்தைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான், அங்கே எழுதி ஒட்டியிருப்பதுபோல.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மனுஷன் பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் ஒரே பாயில் வீசியிருக்கிறான்.

சுழிச்சி, நெற்றியில் சுழி விழுந்த ஆடு. போன மழையில் அதற்குச் சளி கட்டிக்கொண்டது. குட்டியை வயிற்றில் வைத்துக்கொண்டு மூச்சுக்கு இழுத்தது. சுக்குக்கும் மிளகுக்கும் அடங்கவில்லை. கடைசியில் மாட்டு டாக்டர் மேல்மலைக்கு ஏறிவந்து ஊசி போட்டார். தாயும் பிழைத்தது, குட்டியும் பிழைத்தது. அவள் பூம்பாறை வேலப்பர் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

ஆனால் ஊசி ஊசிதான்.

அவர்கள் நெய்யும் சால்வைக்கு மதிப்பே ஒரு பேச்சில்தான் இருக்கிறது. மருந்து படாத ஆடு, சாயம் படாத நூல். கோயம்புத்தூர்க் கடைக்காரம்மா அந்தப் பேச்சை நம்பி வாங்குகிறார். மருந்து ஏறிய ஆட்டின் ரோமத்தை அந்த வருடம் சேர்க்க மாட்டோம் என்று சொன்னது இவள் வாய்.

மறக்காமலிருக்கச் சுழிச்சியின் கழுத்தில் நீலத்துணி கட்டிவைத்திருந்தாள். துணி பத்திரமாக ஆட்டின் கழுத்தில்தான் இருக்கிறது. ரோமத்துக்கு ஏது கழுத்து?

"ஒண்ணு கலந்தா யாருக்குத் தெரியப் போவுது" என்றான் வேலப்பன். சொன்னது அவன் காதுக்கே எட்டியிருக்காது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம். சோற்றைச் சோற்றில் மறைப்பது ரொம்பச் சுலபம். அந்தச் சுலபம்தான் அவளைப் பயமுறுத்தியது.

குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு சுருளாக விரித்தாள். முகர்ந்தாள். விரலிடுக்கில் இழுத்துப் பார்த்தாள்.

எல்லாவற்றிலும் ஆட்டு வாசம்தான் அடித்தது.

தெரியாவிட்டால் மொத்தமும் கடைக்குப் போகாது. ஒரு வருடம் தறி சும்மா கிடக்கும்.

தொழுவத்தில் குட்டி கத்தியது.

ரோமம் போன சுழிச்சி, மழையில் நனைந்த கோழிபோல் பாதியாகி நின்றது. அது குட்டியைக் கூப்பிட்டது. குட்டி துள்ளி ஓடியது. கிட்டே போய்த் திகைத்து நின்றது.

குரல் அம்மாவுடையது. ஆள் வேறு யாரோ.

பின்வாங்கி மறுபடி கத்தியது. படலை இடித்துக்கொண்டு வெளியே வந்தது. நேராகப் பாயின்மேல் ஏறியது.

வேலப்பன் விரட்டக் கை ஓங்கினான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குட்டி ஒரு சுருளை முகர்ந்துவிட்டு நகர்ந்தது. இன்னொன்றை மிதித்துத் தாண்டியது. ஓரத்தில் கிடந்த ஒன்றின் முன்னால் நின்றது.

முன்னங்கால்களை மடக்கி மண்டியிட்டது. மூக்கால் முட்டி முட்டி மடியைத் தேடியது. வால் படபடவென்று ஆடியது.

இருவரும் அசையவில்லை. அவன் கை இன்னும் அவள் பிடியில் இருந்தது.

அவள் அந்தச் சுருளை வாரி எடுத்துக்கொண்டுபோய்ச் சுழிச்சியின் முதுகில் போர்த்தினாள். பின்னாலேயே ஓடிவந்த குட்டி முகர்ந்து பார்த்தது. சந்தேகம் தீர்ந்து தாய்மடியில் வாய்வைத்தது.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. முந்தானையால் இரண்டையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள்.

மற்றதெல்லாம் கழுவி, சீவி, நூற்று, நெய்து, கடைக்குப் போய்ச் சேர்ந்தது. சுழிச்சியினுடையது கடைசியில் தறி ஏறியது.

அது விற்கிற சரக்கு இல்லை. வீட்டுக்கு.

கல்யாணமான நாளிலிருந்து நெய்கிறார்கள். சொந்த ரோமத்தில் ஒரு முழம் போர்த்தியதில்லை. மேல்மலைக் குளிருக்கு வத்தலக்குண்டு சந்தையில் வாங்கிய மில் போர்வைதான். ரோசாப்பூ போட்டது. ஆளுக்கொன்று. அவன் சுவரோரம், அவள் கதவோரம்.

ஒரே ஓர் ஆட்டின் ரோமத்தில் எவ்வளவு வந்துவிடும்? ஓர் ஆளுக்குத் தாராளம். இரண்டு பேருக்கு இழுபறி.

ரோசாப்பூக்கள் மடிந்து பரணுக்குப் போயின.

அடுத்த வருடம் கத்தரிக்கிற நாள் நெருங்கியது. பனி விலகாத காலையில் வேலப்பன் தொழுவத்தில் நின்று ஒவ்வோர் ஆட்டின் காதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் கொம்பிக்கு லேசா இருமலா இருக்கு புள்ள. டாக்டரக் கூப்பிட்டு ஒரு ஊசி போட்டுரலாமா?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். கொம்பி நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அவள் கம்பளியை உதறிக் கொடியில் போட்டாள். இரண்டு பேர் சூடு இன்னும் அதில் இருந்தது. ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"ஒண்ணு போதும்ங்க."

வேலப்பன் கொம்பியின் காதை விட்டுவிட்டான்.