மரவட்டையின் இடுப்பு

பூந்தொட்டிக்கு அடியில் குடியிருந்த பொன்னுரங்கம் என்ற மரவட்டைக்கு நடுவயதிலேயே இடப்பக்கத்து இடுப்பு ஒன்று தேய்ந்துபோனது. அவர் மனைவி தனம், அத்தனை கால்களில் வலிக்கிற கால் எது என்று தேடித் தேய்ப்பதற்குள் தைலப் புட்டியே காலியாகிவிடும்.

காலையில் வேலைக்குக் கிளம்புவார். உடம்பு இடப்பக்கமே இழுக்கும். பெரிய வட்டம் ஒன்று போட்டுவிட்டு சாயங்காலம் தன் வீட்டு வாசலுக்கே வந்து சேருவார்.

"பாத்தியா தனம், எங்க போனாலும் காலு உன்கிட்டயே கொண்டாந்து விடுது" என்று பெருமை வேறு.

தனத்துக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. "உங்க வீட்டுக்காரர் ஏன் வேலைக்கே வர்றதில்ல?" என்று வேலையிடத்திலிருந்து ஆள் வந்து கேட்ட பிறகுதான் வண்டு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"இடுப்பை மாத்திடலாம்" என்றார் டாக்டர்.

"அதெல்லாம் வயசானவங்களுக்கு, டாக்டர். எனக்கு இப்ப வலியே இல்ல" என்ற பொன்னுரங்கம், டாக்டர் தொட்டதுமே சுருண்டுகொண்டார். எவ்வளவு கூப்பிட்டும் பிரியவில்லை.

டாக்டர் தனத்தைப் பார்த்தார்.

"மாத்தினா நேரா நடப்பாரா?" என்று கேட்டாள்.

"அம்பு மாதிரி போவாரு."

தனம் சுருண்டு கிடந்தவரை ஒரு தடவை தடவிக்கொடுத்தாள். பிறகு, "மாத்திடுங்க" என்றாள்.

புண் ஆறியதும் பொன்னுரங்கம் வேலைக்குக் கிளம்பினார். கோடு கிழித்தாற்போல் நேராகப் போய்க் கண்ணுக்கு மறைந்தார். வழக்கமாக வரும் நேரம் தாண்டியது. தனம் டாக்டரைத் திட்டிக்கொண்டே வாசலில் நின்றாள்.

இருட்டிய பிறகு வந்து சேர்ந்தார்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"வீடு முதுகுக்குப் பின்னாடி இருக்கும்னு எனக்கென்ன தெரியும்? இன்னைக்குத்தானே முதல் தடவையா திரும்பி வர்றேன்!"