அறையில் சத்தம் அதிகம்

மூன்றாவது தடவையும் டிவித் திரையில் அதே வரிதான் வந்தது. அறையில் சத்தம் அதிகம். மீண்டும் அளக்கவும்.

ஹோம் தியேட்டர் மாட்ட வந்த மெக்கானிக் பிடரியைச் சொறிந்தான்.

ரிசீவர் என்கிற அந்தக் கறுப்புப் பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கராக 'உஸ்ஸ்' என்று ஊதிப் பார்க்கும். சோபா நடுவில் நிற்கும் குட்டி மைக் அதைக் கேட்டு அளவெடுக்கும். அந்த மூன்று நிமிஷம் ஈ பறக்கக் கூடாது.

ஈ பறக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரனின் அப்பா கத்திக்கொண்டிருந்தார்.

தண்ணி. இருமல். மறுபடி தண்ணி.

அந்த அறைக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள். கதவடியில் கசிந்த மூத்திர நாற்றம் புதுக் கம்பளத்தின் வாசனையோடு கலந்து வந்தது. சாக்கடை அடைப்பு எடுத்துச் சோறு தின்ற வீட்டில் பிறந்தவன் மெக்கானிக். நாற்றம் அவனை ஒன்றும் செய்யாது. முந்திரிப் பருப்பை ஒவ்வொன்றாக வாயில் எறிந்துகொண்டு சாய்ந்து கிடந்த வீட்டுக்காரனைப் பார்க்கத்தான் குமட்டியது.

"சார், நான் வேணா ஒரு டம்ளர் தண்ணி குடுத்துட்டு வந்துடட்டுமா?"

"வந்த வேலையப் பாருப்பா. குடிச்சா உடனே படுக்கைய நனைச்சிடும். அது கத்திக் கத்தித் தானா ஓஞ்சிடும்."

அது.

காலையிலிருந்து அப்படித்தான். அது தூங்குது, அது முழிச்சிருச்சு, அதுக்கு வேற வேலை இல்ல. நாயைக்கூடப் பேர் வைத்துக் கூப்பிடுகிறார்கள்.

வீட்டுக்காரன் முதல் பெட்டியைக் கால் கட்டைவிரலால் தள்ளினான். ஓட்டை டப்பாவாம். கடையிலிருந்து வந்த இரண்டு பெட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்குவானாம். அடுத்ததை மாட்டச் சொன்னான்.

மெக்கானிக் டிவிக்குப் பின்னால் தலையை விட்டான். ஒன்பது ஸ்பீக்கர், பதினெட்டு ஒயர் முனை. சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு. அரை மணி நேரம் முதுகு நிமிரவில்லை. இந்தக் கருமத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தலையோடு குளித்தால் போதும் என்றிருந்தது.

பட்டனைத் தட்டினான்.

உஸ்ஸ். இடது. உஸ்ஸ். வலது. நடு. பின்பக்கம்.

எங்கேயும் தடங்கல் இல்லை. திரையில் பச்சை எழுத்து. அளவீடு முடிந்தது.

"அப்பாடா!" வீட்டுக்காரன் தொடையில் தட்டினான். "பாத்தியா? இதுதான் பெட்டி. அந்த டப்பாவ நீயே தூக்கிட்டுப் போயிடு."

மெக்கானிக்கும் அப்பாடா என்றுதான் மூச்சு விட்டான். விட்ட மூச்சு பாதியில் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல்கூட இல்லை.

முதல் பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. மூன்று தடவையும் அது காதில் விழுந்ததைத்தான் சொன்னது.

ஒயரைக் கீழே போட்டுவிட்டு, கம்பளத்தை மிதித்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

காலையிலிருந்து வீட்டுக்காரன் வாயில் 'அப்பா' வந்தது இப்போதுதான், அந்த 'அப்பாடா'வில்.

கதவுக்கு அந்தப் பக்கம் அதைக் கேட்க ஆள் இல்லை.