உள்தாழ்ப்பாள்

“தாழ்ப்பாளை உள்பக்கமா வச்சிடுங்கண்ணே. வெளியில ஒண்ணும் வேண்டாம்” என்றாள் தையற்காரி.

தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரு பலகைத் துண்டில் குறித்துக்கொண்டார். நாலடி நீளப் பெட்டி, ஒன்றரை அடி அகலம், மேலே மூடி, உள்ளே தாழ்ப்பாள். அவருக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

உலகத்தின் கடைசி காலம் வந்துவிட்டது, அந்திக்கிறிஸ்து விசுவாசிகளைத் தேடிப் பிடிப்பான் என்று வெளியூர்ப் போதகர் ஒருவர் மூன்று நாள் கூட்டம் போட்டுச் சபையையே கதிகலங்க வைத்துவிட்டுப் போனதிலிருந்து அவருக்கு இதே வேலைதான். ஒருவர் அலமாரிக்குப் பின்னால் ஒளிய இடம் கேட்டார். இன்னொருவர் கட்டிலுக்கடியில் கள்ளக் கதவு வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றார்.

தச்சர் மட்டும் சும்மாவா இருந்தார்? பட்டறைக்குப் பின்னால் குழி வெட்டி, அரிசியும் மெழுகுவர்த்தியும் அடுக்கி, மூடிக்கு மூன்று தாழ்ப்பாள் போட்டிருந்தார். அப்படியும் பொட்டுத் தூக்கம் கிடையாது. சபைக்கு யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று கவனிக்கிற நிலையிலா இருந்தார், பாவம்!

“யாருக்கும்மா, உனக்கா?”

“நாலடியில நான் எங்கண்ணே அடங்குவேன்? மகளுக்கு.”

“அதுவும் சரிதான். அந்திக்கிறிஸ்துவோட ஆளுங்க வந்தா குழந்தையைத்தானே முதல்ல ஒளிச்சு வைக்கணும்? பக்கத்துல நாலு ஓட்டை போட்டுடறேன், மூச்சு விட வேண்டாமா?”

“ஓட்டை வேண்டாம்ண்ணே. உள்ள விரிக்க வெள்ளைத் துணி தச்சு வச்சிருக்கேன். தூசி படும்.”

பயத்தில் இவளுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று தச்சர் நினைத்தார். மூடியில் விரற்கடை இடைவெளி விட்டுவிடலாம் என்று தனக்குள் முடிவு செய்துகொண்டார்.

“வேற ஒரு கடையிலயும் கேட்டேன். இதுக்குப் போய் உள்தாழ்ப்பாளான்னு என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாங்க” என்றாள்.

“அவங்களுக்கு வேதம் தெரியாது, விடு. இது யாரோட யோசனை?”

“அவளோடதுதான். ஆண்டவர் கூப்பிட்ட உடனே அவளே திறந்துக்கிட்டு வெளிய ஓடி வரணுமாம். யாராவது வந்து திறக்கட்டும்னு படுத்துக் கிடக்க மாட்டாளாம்.” சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு உதடு கோணிக்கொண்டது.

இத்தனை நாள் குழி வெட்டினாரே தவிர, அதிலிருந்து வெளியே வருவதைப் பற்றி தச்சர் ஒருமுறைகூட நினைத்ததில்லை.

“குழந்தைக்குப் பயமே இல்லையா?”

“அவளுக்கு இல்லண்ணே. எனக்குத்தான் கையும் ஓடல, காலும் ஓடல. எவ்வளவோ ஜெபம் பண்ணிப் பார்த்துட்டேன். இனிமே என்ன கேக்கறதுன்னே தெரியல.”

“அழாதம்மா. கைவேலை கொஞ்சம் கிடக்கு. அடுத்த வாரம் கண்டிப்பா தந்துடறேன்.”

“ஐயோ, அவ்வளவு நாள் ஆகாதுண்ணே! ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்.”

தச்சர் பென்சிலைக் கீழே வைத்தார். நாள் இன்னதென்று அந்தப் போதகரே சொல்லவில்லையே! பின்னால் இருந்த குழியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமைன்னு உனக்கு யாரும்மா சொன்னது?”

தையற்காரி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“டாக்டர்ண்ணே.”